மலைக்குப் போன சாமியார்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், மிஷன் ஞாயிறு உண்டியலில் பணம் போடலாமா என்று கேட்டிருந்தார். "தாராளமாகப் போடுங்கள், போட்டுவிட்டு அது எங்கே போகிறது என்றும் கேளுங்கள்" என்று இரண்டு வரியில் முடித்திருந்தேன். இரண்டு வரி போதாது என்று திட்டியும், இரண்டு வரியே அதிகம் என்று திட்டியும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான்: பழங்குடி மக்களிடையே கத்தோலிக்க மிஷனரிகள் செய்த, செய்கிற வேலை. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

சரி, நீங்களே சொல்லுங்கள். அந்தக் காசு எங்கேதான் போகிறது?
வாசகி, மயிலாப்பூர்

அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்தின ஞாயிறுதான் மிஷன் ஞாயிறு. 1926ல் போப் பதினோராம் பயஸ் தொடங்கிவைத்தது. ஆனால் இப்படிக் காசு சேர்க்கிற பழக்கத்துக்கு வேர் அதற்கும் நூறு வருஷம் முன்னால் இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் பட்டுத் தொழிலாளிகளிடம் வாரத்துக்கு ஒரு சிறு காசு என்று வாங்க ஆரம்பித்து, 1822ல் அது ஒரு சங்கமாகவே ஆகிவிட்டது. சாந்தோமில் போட்டாலும் சாவோ பாவ்லோவில் போட்டாலும் அன்றைய உண்டியல் ரோமில் உள்ள ஒரு பொது நிதிக்குப் போய், அங்கிருந்து வசதியில்லாத மறைமாவட்டங்களுக்கு (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதிகளுக்கு) பிரித்துத் தரப்படுகிறது. கோயில் கட்டுவது, வேதியர் (ஊரில் மறைக்கல்வி சொல்லித்தருகிறவர்) சம்பளம், சாமியார் ஆகப் படிக்கிற குருமடம், பள்ளி, மருந்தகம் எல்லாமே அதில் வரும். ஆக, நீங்கள் போட்ட நூறு ரூபாய் ஜவ்வாது மலைக்குத்தான் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

தவக்காலத்தில் எடுக்கிற காணிக்கை வேறு கணக்கு. அது காரித்தாஸ் இந்தியா என்ற கத்தோலிக்கச் சமூக சேவை அமைப்பு நடத்துகிற பசி, நோய் ஒழிப்பு இயக்கத்துக்கு. கிணறு, விதை, சுயஉதவிக் குழு மாதிரி வேலைகளுக்கு இதுதான் கிட்டத்தில் உள்ள காசு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது. உங்கள் பங்குக் கோயிலின் நிதிக்குழுவில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள்.

அரிசி, மருந்து, பள்ளிக்கூடம் என்று காட்டி மதம் மாற்றுவதுதானே நடந்தது? மழுப்பாமல் பதில் வேண்டும்.
வாசகர், பெரம்பூர்

மதம் மாற்றத்தான் போனார்கள். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. மிஷனரி என்று சொல்லிக்கொண்டு கப்பல் ஏறியவர் மனசில் அந்த எண்ணமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் போன இடத்தில் என்ன நடந்தது என்பது நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலான கதை.

1885ல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டு இயேசு சபைச் சாமியார் சோட்டா நாக்பூரின் தோர்ப்பா என்ற ஊருக்குப் போகிறார். இன்றைய ஜார்கண்ட். முப்பது வயது கூட ஆகாத ஆள். அங்கே முண்டா, ஓரான் என்ற பழங்குடி மக்கள் காடு திருத்தி உண்டாக்கிய நிலத்தில் வெளியூரிலிருந்து வந்த ஜமீன்தார்களும் குத்தகைக்காரர்களும் உட்கார்ந்துகொண்டு, வாடகையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், ரசீது கிடையாது, கூடவே வருஷத்துக்கு இத்தனை நாள் என்று கூலியில்லாத கட்டாய வேலை. எதிர்த்தால் கோர்ட்டு, கோர்ட்டில் இவர்களுக்குப் புரியாத மொழி, புரியாத காகிதம். லீவன்ஸ் பிரசங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பகுதியின் குத்தகை வழக்கங்களைப் படித்தார். யார் எவ்வளவு வாடகை தர வேண்டும், எந்த வேலையை மறுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார், வழக்குக்கு ஆள் ஏற்பாடு செய்தார். ரசீது கேட்க ஆரம்பித்த குடியானவனைக் கண்டு ஜமீன் ஆட்கள் மிரண்டதும், ஊர் ஊராக மக்கள் அவரிடம் ஞானஸ்நானம் கேட்டு வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தது. ஏழே வருஷத்தில் பல்லாயிரம் பேர். காசநோய் வந்து 1892ல் ஊர் திரும்பி, அடுத்த வருஷம் 37 வயதில் இறந்துபோனார்.

இதை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். வழக்குக்காக வந்து சேர்ந்தவர்கள் அதில் கணிசம், அவர் போன பிறகு விலகிப் போனவர்களும் உண்டு. ஆனால் "அரிசிக்கு மாறினான்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. நிலம் போய்க்கொண்டிருக்கிற ஒருவன், கோர்ட்டில் தன் பக்கம் நிற்கிறவன் யார் என்று பார்த்து ஒரு முடிவு எடுத்தான். அது அவனுடைய கணக்கு. அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஏமாந்துவிட்டான் என்று சென்னையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 1956ல் மத்தியப் பிரதேசத்தில் நியோகி கமிட்டி மிஷனரிகளைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை கொடுத்தது. 1968ல் அங்கே கட்டாய மத மாற்றத்தைத் தடுக்கிற சட்டம் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் என்ற கத்தோலிக்கச் சாமியார் அதை எதிர்த்துப் போன வழக்கில், மதத்தைப் பரப்புகிற உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டிலும் 2002ல் அப்படி ஒரு சட்டம் வந்து 2004ல் வாபஸ் ஆனது நினைவிருக்கும்.

அப்புறம், மதப் பேச்சை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். பார்சிலோனாக்காரர் வின்சென்ட் ஃபெரர் மகாராஷ்டிராவில் இயேசு சபைச் சாமியாராகக் கிணறு வெட்ட உதவிக்கொண்டிருந்து, 1968ல் நாட்டை விட்டு வெளியேறும்படி சொல்லப்பட்டு, பிறகு அனந்தபூருக்கு வந்து, சபையையும் விட்டு விலகி, 2009ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ரயிலில் அந்தப் பக்கம் போனால் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

கொல்லிமலையில் இருந்த ப்ராண்ட் துரை கத்தோலிக்கர்தானே?
வாசகர், கொளத்தூர்

இல்லை. ஜெஸ்ஸி ப்ராண்ட் பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த மிஷனரி, 1929ல் மலைக் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அவர் மனைவி எவலின் வயதான காலத்தில், போக வேண்டாம் என்று சபை சொல்லியும் கேட்காமல் மலைக்கே திரும்பிப் போய், 1974ல் இறக்கும்வரை மலை மலையாகச் சுற்றிய பாட்டியம்மா. கொல்லிமலையில் வளர்ந்த மகன்தான் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பெயர் வாங்கிய டாக்டர் பால் ப்ராண்ட். வெள்ளைக்காரர், சிலுவை என்றாலே கத்தோலிக்கர் என்று எழுதுவது நம் பத்திரிகைகளுக்கும் ஒரு வியாதி.

அண்ணா நகரில் கோச்சிங் படிக்கிறேன். சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் 1908 என்று மனப்பாடம் செய்கிறோம். அதன் பின்னால் ஒரு பாதிரியார் இருந்தார் என்கிறார்களே, உண்மையா?
மாணவி, அண்ணா நகர்

உண்மை, தங்கச்சி. மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதே, இந்தக் கதை நன்றாக இருக்கும்.

ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், ஜெர்மனியில் பிறந்த இயேசு சபைச் சாமியார். லீவன்ஸுக்குப் பிறகு முண்டா பகுதியில் சர்வாதா என்ற ஊரில் இருந்தார். 1899 கடைசியில் பிர்சா முண்டாவின் எழுச்சி வெடிக்கிறது. பிர்சா சின்ன வயதில் சாய்பாசாவில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். பிறகு மிஷனையும் சர்க்காரையும் ஒரே தட்டில் வைத்து எதிர்த்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பிர்சாவின் ஆட்கள் விட்ட அம்புகள் சர்வாதா மிஷன் மேலும் விழுந்தன. 1900 ஜூன் 9ல் ராஞ்சி சிறையில் பிர்சா இறந்தார்.

அதன் பிறகுதான் சர்க்காருக்குப் புத்தி வருகிறது, நிலத்தை அளந்து பதிவு செய்யாமல் இங்கே அமைதி வராது என்று. முண்டா மொழியும் நில வழக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். அம்பு வாங்கிய மிஷனில் இருந்த அதே ஹாஃப்மன்தான் அதற்குக் கிடைத்தார். காட்டை முதலில் வெட்டித் திருத்திய பரம்பரைக்கே அந்த நிலம் கூட்டாகச் சொந்தம், அதற்கு மேல் ஜமீன்தார் என்று ஒருவர் கிடையாது என்பது முண்டாக்களின் வழக்கம், குந்த்கட்டி என்பார்கள். வாய்வழியாக இருந்த அந்த வழக்கத்தை அதிகாரிகளுக்குப் புரிகிற மாதிரி அவர் எழுதிக்கொடுத்தது 1908 சட்டத்துக்குள் இடம்பிடித்தது. பழங்குடி நிலத்தை வெளியாள் வாங்க முடியாது என்ற 46வது பிரிவு இன்றைக்கும் அங்கே கொதிக்கிற விஷயம். 2016ல் ஜார்கண்ட் அரசு இந்தச் சட்டத்தைத் திருத்தப் பார்த்தபோது ஊர் ஊராக எதிர்ப்பு எழும்பி, மசோதா ஆளுநரிடம் போய் 2017ல் திரும்பி வந்தது. அப்போது ஆளுநர் யார் தெரியுமா? திரௌபதி முர்மு. இதைப் பரீட்சையில் கேட்டாலும் கேட்பார்கள்.

எனக்கு ஹாஃப்மனிடம் சட்டத்தைவிடப் பிடித்தது 1909ல் அவர் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கமும் தான்ய கோலாக்களும். கோலா என்றால் நெல் சேமிக்கிற களஞ்சியம், நம் ஊர்க் குதிர்தான், ஆனால் ஊருக்கே பொது. அறுவடையில் ஒவ்வொரு வீடும் கொஞ்சம் நெல் போட வேண்டும். ஆடி, ஆவணியில் வீட்டில் நெல் தீர்ந்து, வயலில் நாற்று மட்டும் நிற்கிற மாதங்களில் தேவைப்பட்டவர் கடனாக எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அந்த நெல்லை லேவாதேவிக்காரரிடம் வாங்கி ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பித் தருவார்கள், அதுவும் முடியாதபோது நிலம் போகும். கோலாவில் மேல்நெல் கொஞ்சம்தான், அதுவும் வெளியே போகாமல் ஊர்க் களஞ்சியத்திலேயே சேரும். சட்டம் நிலத்தைப் பூட்டிவைத்தது, களஞ்சியம் அந்தப் பூட்டை உடைக்க வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொண்டது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நிலைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மன்காரர் என்பதால் 1915ல் அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஊரில் உட்கார்ந்து முண்டா மொழிக்குப் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்து 1928ல் இறந்தார். திரும்பி வரவே முடியவில்லை.

ஸ்டான் சுவாமி செய்தது சேவையா, அரசியலா?
கல்லூரி மாணவர், நுங்கம்பாக்கம்

லீவன்ஸ் கதையை மேலே படித்தீர்கள் அல்லவா? அதே இடம், அதே சபை, அதே நிலம். அப்போது ஜமீன்தார், இப்போது சுரங்கம். 1880களில் செய்தால் சேவை, 2010களில் செய்தால் அரசியல் என்று பிரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

திருச்சிப் பக்கம் 1937ல் பிறந்த தமிழர். பெங்களூரில் இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட்டில் இயக்குநராகப் பல வருஷம் இருந்துவிட்டு, பிறகு ஜார்கண்ட் போனார். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கூமில் தங்கி, இடப்பெயர்வு, காட்டுரிமை, விசாரணையே இல்லாமல் சிறையில் கிடக்கிற ஆதிவாசி இளைஞர்கள் என்று இதையே எழுதிக்கொண்டும் வழக்குப் போட்டுக்கொண்டும் இருந்தார். 2020 அக்டோபர் 8ல் எல்கார் பரிஷத் வழக்கில் (புனேயில் நடந்த ஒரு கூட்டத்தையொட்டிப் போட்ட வழக்கு) தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. அவரைக் கைது செய்தது. மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு, அவர் கடைசிவரை மறுத்தார். பார்கின்சன் நோய், கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாது, ஸ்ட்ரா போட்ட குவளை வேண்டும் என்று கோர்ட்டில் கேட்க வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ல், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பை மருத்துவமனை ஒன்றில் 84 வயதில் இறந்தார். வழக்கில் விசாரணையே தொடங்கவில்லை. அதனால் குற்றம் நிரூபணம் ஆகவுமில்லை, பொய் என்று ஆகவுமில்லை. இது அவருக்கு நடந்த அநியாயம் என்பதைச் சொல்ல எனக்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை.

ஒரு மலைக்கிராமத்து மிஷன் விடுதிக்கு வருஷா வருஷம் எங்கள் குடும்பம் நோட்டு, பை, சட்டை அனுப்புகிறது. இது போதுமா, வேறு ஏதாவது செய்யலாமா?
வாசகி, தாம்பரம்

அம்மா, நோட்டும் பையும் அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, பை, சீருடை எல்லாம் இலவசமாகவே கிடைத்துவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே இடிக்கிறது என்று விடுதி சிஸ்டரிடம் போனில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டுச் சிஸ்டர்கள் சொல்வது சாதிச் சான்றிதழாகத்தான் இருக்கும்.

பிளஸ் டூ முடித்த ஒரு மலைவாழ் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் எஸ்.டி.க்கு ஒரு சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, எல்லாம் அந்த ஒரு காகிதத்தைப் பொறுத்தது. எஸ்.சி. சான்றிதழைத் தாசில்தாரே தருவார், எஸ்.டி. என்றால் ஆர்.டி.ஓ. கையெழுத்து வேண்டும். போலிச் சான்றிதழ் தொல்லையால் அப்படி வைத்திருக்கிறார்கள், காரணம் நியாயமானதுதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? இ-சேவையில் பதிவு செய்ய வேண்டும், வி.ஏ.ஓ. வர வேண்டும், ஆர்.ஐ. விசாரிக்க வேண்டும், அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பார்கள், அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை, அவருக்கு எதற்குச் சான்றிதழ்? ஒவ்வொரு நடைக்கும் மலையிலிருந்து பஸ், ஒரு நாள் கூலி போச்சு. அதற்குள் கவுன்சலிங் முடிந்துவிடும். இதற்காக அலைகிற ஒரு ஆளுக்கு மாதச் சம்பளமும் பஸ் காசும் கொடுங்கள். ஃபோட்டோ எடுத்துப் போடுகிற மாதிரி அழகாக இருக்காது, ரசீதில் 'பயணப்படி' என்றுதான் வரும்.

விடுதி பற்றி இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தார்கள். சுமார் 1,50,000 பிள்ளைகள். அந்தப் பள்ளிகளில் பாதிக்கும் மேல் நடத்தியது கத்தோலிக்கத் துறவற சபைகள். தாய்மொழி பேசினால் அடி, நோயில் இறந்த பிள்ளைகள் எத்தனையோ, கொடுமைகள் வேறு. 2022 ஜூலையில் போப் ஃபிரான்சிஸ் மாஸ்க்வாசிஸ் என்ற ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டார். நம் விடுதிகள் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே பெற்றோர் கேட்டுத்தான் சேர்க்கிறார்கள், மலையில் பள்ளி இல்லாததால் சேர்க்கிறார்கள். இருந்தாலும் ஆறு வயதில் மலை இறங்கி, பதினெட்டு வயதில் திரும்பிப் போகிற பிள்ளைக்குத் தினை விதைக்கிற மாதமும் தெரியாது, பாட்டியோடு பேசத் தன் பேச்சும் வராது. அதனால் உங்கள் விடுதியில் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் வருஷத்தில் எத்தனை தடவை வீட்டுக்குப் போகிறார்கள்? பெற்றோர் நினைத்த நேரம் வந்து பார்க்க முடியுமா? தங்கள் பேச்சில் பேசிக்கொள்ள விடுகிறார்களா? ஊரிலேயே தொடக்கப்பள்ளி நடக்க வைக்க முடிந்தால் விடுதி வாசலே கொஞ்சம் காலியாகும், அது நல்ல செய்தி.

பழங்குடியினர் கிறிஸ்தவரானால் எஸ்.டி. சலுகை போய்விடுமா?
வாசகர், அடையாறு

போகாது. எஸ்.சி. பட்டியலுக்குத்தான் மதக் கட்டுப்பாடு: 1950 உத்தரவில் இந்துக்கள், 1956ல் சீக்கியர்கள், 1990ல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். எஸ்.டி. பட்டியலுக்கு மதம் கிடையாது. மதம் மாறியவர்களை நீக்க வேண்டும் என்று கார்த்திக் ஓரான் எம்.பி. 1960களின் கடைசியிலேயே குரல் கொடுத்தார், அது இப்போதும் அவ்வப்போது எழும்பும், சட்டம் ஆகவில்லை. தமிழ்நாட்டில் மதத்தைவிட மாவட்டம்தான் பலரைக் கவிழ்க்கிறது. மலையாளி என்ற மலைவாழ் இனத்தவர் (கேரளத்தவர் இல்லை) சேலம், தர்மபுரியில் எஸ்.டி., அதே ஆட்கள் ஈரோட்டுப் பர்கூர் மலையில் எஸ்.டி. இல்லை. அண்ணன் மலைக்கு அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம், பட்டியலில் அண்ணன் மட்டும்!

ஜார்கண்ட் வரை ஏன் போகிறீர்கள்? நம் பக்கத்தில் பழங்குடியினர் இல்லையா?
வாசகர், செங்குன்றம்

சரியான கேள்வி, அதுவும் செங்குன்றத்திலிருந்து. உங்கள் பக்கத்து அரிசி ஆலைகளிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் செங்கல் சூளைகளிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த இருளர்களை வருவாய்த் துறை மீட்டது என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்போம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல். மீட்கப்பட்ட குடும்பத்துக்கு விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால்தான் கடன் ரத்து, நிவாரணம் எல்லாம். அது கிடைக்காமல் வீட்டுக்கு அனுப்பினால், வாழ இடம் இல்லாத குடும்பம் அடுத்த சீசனில் வேறு சூளையில் நிற்கும். அந்தச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் அலைகிறவர்களில் சிஸ்டர்களும் உண்டு, இடதுசாரித் தோழர்களும் உண்டு, இருளர்களின் சொந்தச் சங்கங்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் சாமியார் தேவை என்றும் இல்லை. ஈ.சி.ஆரில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் போய் வயிறு காய்ந்தபோது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978ல் உருவானது. பிடித்த பாம்பிலிருந்து விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள், அந்த விஷம் நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் போகிறது. 2023ல் அவர்களில் இரண்டு பேருக்குப் பத்மஸ்ரீ. மிஷன் கட்டிய எத்தனையோ தையல் பயிற்சிக் கூடங்கள் பூட்டிக் கிடக்க இது மட்டும் ஏன் ஓடியது? அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை, சங்கமும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடியினருக்குத் தனிப் பாதுகாப்புள்ள பகுதி என்று இங்கே ஒரு மலையும் அறிவிக்கப்படவில்லை. அதனால் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் தருகிற 1996 பெசா சட்டம் இங்கே செல்லாது. 2006 வன உரிமைச் சட்டம்தான் கையில் இருக்கிற ஒரே கம்பு, அதுவும் கோர்ட்டு உத்தரவால் பல வருஷம் பட்டா தர முடியாமல் கிடந்தது.

என் அண்ணன் மகள் சிஸ்டராகி மத்தியப் பிரதேசத்துக்குப் போகிறாளாம். அத்தை என்ற முறையில் எனக்குப் பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?
வாசகி, புரசைவாக்கம்

பயப்படுவது அத்தைக்கு உள்ள உரிமை. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. கேரளத்துச் சிஸ்டர் ராணி மரியா, 41 வயது, 1995 பிப்ரவரி 25ல் இந்தூருக்குப் போகிற பஸ்ஸில் பயணிகள் முன்னிலையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். உதயநகர் பக்கத்தில் ஆதிவாசிப் பெண்களைச் சேமிப்புக் குழுவாகச் சேர்த்து, வட்டிக்காரர்களிடமிருந்து விடுவிக்கப் பார்த்தவர். கொன்றவர் சமுந்தர் சிங்கைச் சிறையிலேயே போய்ப் பார்த்து ராக்கி கட்டியவர் ராணி மரியாவின் சொந்தத் தங்கை, அவரும் சிஸ்டர். 2017 நவம்பர் 4ல் இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, கொடுத்தார்கள். ஜார்கண்டின் பாகூர் மாவட்டத்தில் சுரங்கத்துக்காக நிலம் இழந்தவர்களோடு வசித்த சிஸ்டர் வல்சா ஜானை 2011 நவம்பரில் கொன்றார்கள்.

ஆனால் இவர்கள் பெயர் நமக்குத் தெரிவதே இது அபூர்வம் என்பதால்தான். உங்கள் மருமகளுக்கு வரப்போகிற தினசரிக் கஷ்டம் வேறு: மொழி, மலேரியா, தனிமை, மழைக்காலத்தில் துண்டிக்கப்படுகிற ரோடு, ரசம் சோறு கிடைக்காதது. தடுக்காதீர்கள். முடிந்தால் ஒரு தடவை நீங்களே ரயிலேறிப் போய் அவள் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், கூட ஊறுகாய் எடுத்துக்கொண்டு. ஹிந்தி மட்டும் போதாது, அந்த மலையின் பேச்சையும் படி என்று அவளிடம் சொல்லுங்கள். மற்றவர் சொன்னால் அறிவுரை, அத்தை சொன்னால் கேட்பாள்.

வெளிநாட்டுப் பணம் கொட்டுகிறதாமே?
வாசகர், வளசரவாக்கம்

கொட்டின காலம் போச்சு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்பது 20 ஆனது. முக்கியமாக, பணம் வாங்கிய சங்கம் அதை இன்னொரு சங்கத்துக்குப் பிரித்துத் தரக் கூடாது. பெரிய சங்கம் நகரத்தில் வாங்கி மலையிலிருக்கிற சின்ன குழுவுக்கு அனுப்புகிற வழி அதோடு அடைபட்டது. மதர் தெரசாவின் சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று இந்தச் சட்டப்படியான பதிவைப் புதுப்பிக்க மறுக்கப்பட்டு, ஜனவரியில் திரும்பக் கிடைத்தது. கணக்குக் கேட்பது சரிதான், நானும்தான் கேட்கச் சொல்கிறேன். சின்னக் குழுக்களின் கழுத்தில் கை வைக்காமல் கேட்டிருக்கலாம்.

இப்போதைய போப்பும் மிஷனரியாக இருந்தவராமே?
வாசகர், பரங்கிமலை

ஆமாம். சிகாகோவில் பிறந்த அகுஸ்தினார் சபைத் துறவி, பெரு நாட்டில் பல வருஷம் வேலை பார்த்து, சிக்லாயோ ஊரில் பிஷப்பாகவும் இருந்தவர். 2025 மே 8ல் பதினான்காம் லியோ ஆனார்.

அரசு மருத்துவமனை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். கொஞ்ச நாள் மலையில் தங்கி உதவ முடியுமா? நான் இந்து, சேர்த்துக்கொள்வார்களா?
வாசகி, கொரட்டூர்

நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள், ஊசி போடத் தெரிந்தால் சரி. நீலகிரிக்குப் போங்கள் என்பேன். அங்கே பணியர், இருளர், குறும்பர் மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. ரத்தப் பரிசோதனை செய்து, உள்ளவர்களுக்குத் தொடர்ந்து மாத்திரை கிடைக்கிறதா என்று பார்த்து, வலி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லித் தர வேண்டும். கல்யாணத்துக்கு முன் பரிசோதனை பற்றிப் பக்குவமாகப் பேசவும் வேண்டும், அதற்கு உங்கள் வயதுதான் தகுதி. 2023 ஜூலையில் மத்திய அரசு இதற்காகத் தேசியத் திட்டமே தொடங்கியிருக்கிறது, அதனால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து வேலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஊட்டி மறைமாவட்டத்தின் சமூக சேவை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். இரண்டு வாரம் என்றால் வேண்டாம், அவர்களுக்குத்தான் வேலை அதிகம். ஆறு மாதம் தங்க முடியும் என்றால் எழுதுங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதி ஆகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்வெட்டர்.